அம்மாவின் முல்லை

குளிர்நாடுகளில் உறைபனி மென்கொடிகளைக் கருக்கிவிடுமாம். எங்கள் குயிலாப்பாளையத்தில் உறைபனி ஏது? இங்கே கொடிக்குக் கூற்றுவன் கார்த்திகை மழைதான்.

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தபோது எங்கள் செம்மண் முற்றம் குளமாயிற்று. அம்மா முழம்போட்டு விற்கும் முல்லைதான் என் கல்லூரிக் கட்டணம்! நீர் தேங்கினால் வேருக்குக் காற்றில்லை, அழுகிவிடும். தாவரவியல் தேர்வில் நான் எழுதிய விடை இது. பள்ளிக்கூடம் அறியாத அம்மாவோ, மழை சற்றே விட்டதும் அந்த இருட்டிலேயே வாய்க்கால் வெட்டினாள். நான் திண்ணையில் நின்று, "விடியட்டும்மா" என்றேன். இப்போதும் வெட்கமாயிருக்கிறது.

இரண்டு கொடிகள் பட்டுப்போயின. பிழைத்த ஒன்றின் முற்றிய தண்டுகளை மணல் தொட்டியில் பதியனிட்டோம். தை நடுவில் தாய்க்கொடியைக் கவாத்து செய்தோம். பங்குனியில் பூத்த முதல் முழத்தை அம்மா விற்கவில்லை.