அப்பா வீட்டுப் பெட்டிக்கு ஒரு பாட்டரி

நான் பி.காம். திருப்பதி எஸ்.வி. ஆர்ட்ஸ் காலேஜ்ல படிச்சுட்டு பேங்க் வேலைக்கு வந்தவன். இருபது வருஷமா மஸ்கட்ல அதே டெபிட், அதே கிரெடிட். கரண்ட் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மாசாமாசம் பில் கட்டணும்ங்கறது மட்டும்தான். அப்படிப்பட்ட நான் ரெண்டு லித்தியம் செல்லை நகைத் தராசுல வெச்சு நிறுத்துப் பார்த்த கதை இது. கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

வீடு சித்தூர்ல. அம்மா 2018ல போயிட்டாங்க, அப்பா தனியா இருக்கார். அடுத்த வருஷம் டிசம்பர் லீவுல போனப்ப டி.வி. பக்கத்துல ஒரு ராஸ்பெர்ரி பை வெச்சுட்டு வந்தேன். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஏ.டி.எம். கார்டு அளவு பலகை, அதுல முழு கம்ப்யூட்டரும் அடக்கம். பள்ளிக்கூடப் பசங்க ப்ரோக்ராம் எழுதிப் பழகட்டும்னு கேம்பிரிட்ஜ்ல உருவாக்கினது, 2012 பிப்ரவரி 29ல விற்பனைக்கு வந்தது. நான் வாங்கினது 2019ல வந்த நாலாவது மாடல். அதுல கோடின்னு ஒரு இலவச மென்பொருளைப் போட்டு, ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டிட்டா, வீட்டுக்குன்னு சொந்தமா ஒரு டி.வி. ஸ்டேஷன் ரெடி.

எம்.ஜி.ஆர்., சிவாஜி, என்.டி.ஆர். படமெல்லாம் அதுல இருக்கு. ஆனா நான் அதை வெச்சது படத்துக்காக இல்ல. பதினோரு கேசட்டுக்காக.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அப்பா 1983லேர்ந்து குவைத்ல இருந்தார். போன் பண்றது அப்ப பெரிய செலவு, கடுதாசி போய்ச் சேர நாளாகும். அம்மாவுக்கு எழுதறதை விடப் பேச்சு நல்லா வரும். அதனால டூ-இன்-ஒன்ல கேசட்டைப் போட்டுப் பேசி, லீவு முடிஞ்சு திரும்பிப் போற யார் கையிலயாவது கொடுத்து விடுவாங்க. உங்கள்ல நிறையப் பேர் வீட்லயும் இது நடந்திருக்கும். தெருவுல யார் வீட்டுக் கல்யாணம், மாமியாருக்கு முட்டி வலி, நான் பதிமூணாம் வாய்ப்பாட்டைத் தப்பா ஒப்பிச்சது, எல்லாம் அதுல இருக்கு. பாதி தமிழ், பாதி தெலுங்கு. அதான் சித்தூர் பேச்சு.

1990 ஆகஸ்ட் 2ல ஈராக் படை குவைத்துக்குள்ள வந்தது. அப்பா பஸ்ல பாக்தாத் வழியா ஜோர்டான்ல இருக்கற அம்மான் நகரத்துக்குப் போய், அங்கேர்ந்து ஏர் இந்தியா விமானத்துல பம்பாய் வந்தார். அந்த ஏற்பாட்டுல ஊர் திரும்பினவங்க ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர். ஏழு வருஷ சம்பாத்தியத்துல அப்பா கையில வந்தது ஒரு தோள்பை. உள்ள பாஸ்போர்ட், ரெண்டு சட்டை, பதினோரு கேசட்.

அதுல ஒரு கேசட் பாதியில படக்குன்னு நிக்கும். அப்புறம், "கரண்ட் போயிடுச்சுங்க, செல் போட்டுப் பேசறேன்"னு அம்மா தொடருவாங்க. செல் பழசு போல, மோட்டார் மெதுவா சுத்தியிருக்கு. மெதுவா பதிஞ்சதை சாதாரண வேகத்துல ஓட்டினா குரல் வேகமா, கீச்சுன்னு வரும். கடைசி அஞ்சு நிமிஷம் அம்மா பத்து வயசுப் பொண்ணு மாதிரி பேசுவாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தினப்ப, "இதைச் சரி பண்ணிடட்டுமா?"ன்னு கேட்டேன். அப்பா வேண்டாம்னுட்டார்.

தினமும் காலையில ஆறு மணிக்கு ஒரு கேசட் தானா ஓடற மாதிரி வெச்சிருந்தேன். ரெண்டு வருஷம் பிரச்சினையில்லாம ஓடுச்சு. 2021 நவம்பர்ல திருப்பதி, சித்தூர் பக்கம் பேய் மழை. திருப்பதி தெருவுல வெள்ளம் ஓடினதை டி.வி.ல பார்த்திருப்பீங்க. எங்க தெருவுல ஒரு ராத்திரி பூரா கரண்ட் போறதும் வர்றதுமா இருந்துச்சாம். மறுநாள் காலையில பெட்டி பேசல.

அப்பா இதை எங்கிட்ட சொல்லல. தினமும் போன்ல பேசறோம், மழை நின்னுச்சா, மாத்திரை சாப்பிட்டீங்களான்னு. பதினாறு நாள் ஒரு வார்த்தை இல்ல. தங்கமணிதான் "மாமா குரலே சரியில்ல, என்னன்னு கேளுங்க"ன்னா. நோண்டி நோண்டிக் கேட்டப்புறம் அப்பா சொன்னார்:

"பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன்டா. உங்கம்மாவை நான்தான் அழிச்சுட்டேன்."

எனக்குப் பேச்சே வரல. ஏன்னா மொத்தத்துக்கும் இன்னொரு காப்பி மஸ்கட்ல எங்க வீட்டு அலமாரியில பத்திரமா இருக்கு. பேங்க்ல தினமும் பேக்கப் எடுத்து வேற ஊர்ல வெக்கற பழக்கத்துல அதைச் செஞ்சிருந்தேன். ஆனா அதை அப்பாகிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல. பதினாறு நாள் அந்த மனுஷன் என்ன பாடு பட்டிருப்பார்!

செத்தது ஹார்ட் டிஸ்க் இல்ல, பை-யோட மெமரி கார்டு. ஏன் செத்துதுன்னு காமர்ஸ்காரன் பாஷையில சொல்றேன். எந்த வரவு செலவும் முதல்ல ஜர்னல்ல ஏறும், அப்புறம்தான் லெட்ஜர்ல போஸ்டிங். நடுவுல யாராவது எழுந்து போயிட்டாலும், ஜர்னலைப் பார்த்து மீதியை முடிச்சுடலாம். பை-ல இருக்கற லினக்ஸும் இதையேதான் செய்யுது, அதுக்குப் பேரும் ஜர்னல்தான். அப்புறம் ஏன் கெட்டுப் போச்சு? மெமரி கார்டுக்குள்ள ஒரு குட்டி மேனேஜர் இருக்கார். எந்தப் பக்கமும் சீக்கிரம் தேயக்கூடாதுன்னு நாம கேக்காமலே தகவலை இடம் மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு இருப்பார். அவர் மாத்தற நேரம் பார்த்து கரண்ட் போனா, நாம தொடாத பக்கமும் கிழியும். ஜர்னல் எழுதின பக்கமே கிழிஞ்சா எந்த ஆடிட்டர் வந்தும் பிரயோஜனம் இல்ல.

நல்ல வேளை, பை பிழைச்சுது. அந்த சமயத்துல உலகம் முழுக்க அதுக்குத் தட்டுப்பாடு. புதுக் கார்டு போட்டு மறுபடி ஓட வெச்சது 2022 மே மாச லீவுலதான். ஆனா இனிமே கரண்ட் போனா என்ன பண்றது?

முதல் யோசனை, வீட்ல இருக்கற இன்வெர்ட்டர். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டி.வி. பிளக் பாயிண்ட்டையும் அந்த லைன்ல சேர்த்தேன். பத்துல ஏழு தடவை தாங்கும், மூணு தடவை பை ரீஸ்டார்ட் ஆயிடும். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு மாறற அந்தக் கண்சிமிட்டற நேரம் ஃபேனுக்குத் தெரியாது, பை-க்குத் தெரியும்.

ரெண்டாவது, பவர் பாங்க். சார்ஜ் ஏறிக்கிட்டே வெளியவும் கொடுக்கும்னு அட்டையில போட்டிருந்தான். கொடுக்குது. ஆனா கரண்ட் போகும்போதும் வரும்போதும் ஒரு கணம் நிறுத்திட்டு அப்புறம் கொடுக்குது. போதாக்குறைக்கு டி.வி. ஓரத்துல ஒரு மஞ்சள் மின்னல் படம். பை-க்கு 5 வோல்ட் வேணும், 4.63க்குக் கீழ இறங்கினா அப்படி எச்சரிக்கும். மெல்லிசான கேபிளும் ஒரு காரணம்.

மூணாவதா திருப்பதிக்கு பஸ் ஏறினேன். பூதலப்பட்டு, சந்திரகிரி வழியா எழுபது கிலோமீட்டர். அந்த ஏப்ரல்லதான் திருப்பதி தனி மாவட்டம் ஆகியிருந்தது, அப்பாவுக்கு இன்னும் அது சித்தூர் ஜில்லாதான். திருப்பதிக்குப் பக்கத்துல கரகம்பாடியில பாட்டரி தொழிற்சாலையே இருக்கு. ஊரெல்லாம் ஓடற அமரான் பாட்டரி தயாரிக்கற கம்பெனி. எனக்கு வேண்டியது என்னவோ கட்டைவிரல் தண்டி ரெண்டு செல்.

இன்ஜினியரிங் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு பார்ட்ஸ் வாங்கற கடை ஒண்ணு. கதையைக் கேட்டுட்டு கடைப் பையன் தெலுங்குல, "பவர் பாங்க் வத்து சார்" (வேண்டாம்னு அர்த்தம்)னு சொல்லி, பை-க்குக் கீழ மாட்டற ஒரு யு.பி.எஸ். போர்டை எடுத்து வெச்சான். இதுல செல் எப்பவும் லைன்லயே இருக்கும், அதனால மாறற இடைவெளியே கிடையாது. கரண்ட் போனதும் ஒரு பின் வழியா பை-க்குத் தகவலும் சொல்லிடும்.

செல்லுக்குப் பேரு 18650. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 நீளம். ஒண்ணுல 9900 மில்லிஆம்ப்-அவர்னு போட்டிருந்தது, விலையும் மலிவு. இன்னொண்ணுல 2600, விலை ஜாஸ்தி. நான் நகைக்கடன் செக்‌ஷன்ல இருந்தவன், எடை போடாம எதையும் நம்ப மாட்டேன். பக்கத்து நகைக் கடையில கெஞ்சிக் கேட்டு நிறுத்துப் பார்த்தேன். 2600 போட்டது 46 கிராம். 9900 போட்டது முப்பது கூட இல்ல! இந்த அளவு செல்லுல நல்ல கம்பெனியே 3500 பக்கம்தான் கொடுக்க முடியும். அதுக்கு மேல போட்டிருந்தா கவரிங்னு வெச்சுக்கங்க :-)

கணக்கு சுலபம். 3.7 வோல்ட்டை 2.6ஆல பெருக்கினா ஒரு செல்லுக்கு 9.6 வாட்-அவர். ரெண்டுக்கும் சேர்த்து 19. அஞ்சு வோல்ட்டா ஏத்தற நஷ்டம் போக 16. பை-யும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து 6 வாட் இழுக்கும்னா ரெண்டரை மணி நேரம். பிளக்கைப் பிடுங்கிட்டு கடிகாரத்தைப் பார்த்தோம், ரெண்டு மணி இருபது நிமிஷம் ஓடுச்சு. பேங்க் ஆடிட்ல கூட இவ்வளவு கிட்ட டாலி ஆகாது.

ஆனா கடைசி சொட்டு வரைக்கும் ஓட விடறது இல்ல. ஒரு மணி நேரத்துல கரண்ட் வரலைன்னா பை தன் கணக்கையெல்லாம் எழுதி முடிச்சுட்டு தானா தூங்கிடும், வந்ததும் தானா எழுந்துக்கும். பாட்டரி வெக்கறது முக்கியமா இதுக்குத்தான். தொடர்ந்து ஓடறது ரெண்டாம்பட்சம், ஒழுங்கா மூடறதுக்கு அவகாசம் கிடைக்கணும்.

ரெண்டு பாடமும் கத்துக்கிட்டேன். ஒண்ணு, அப்பா பெட்டியை அம்மா படத்துக்குக் கீழ, விளக்குப் பக்கத்துல வெச்சுட்டார். சித்தூர் வெயில்ல லித்தியம் செல்லை நெருப்புக்கிட்ட வெக்கலாமா? கெஞ்சிக் கூத்தாடி காத்தோட்டமா டி.வி. பக்கத்துக்கே மாத்தினேன். ரெண்டாவது, நான் ஊர்ல இருக்கும்போதே ஒரு நாள் காலையில கரண்ட் போச்சு. பை ஜம்முன்னு ஓடுது, ஆனா சத்தம் இல்ல. ஸ்பீக்கர் சுவத்து பிளக்குல இருக்கே! அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே. அன்னிக்கே பை-லேர்ந்தே கரண்ட் எடுக்கற குட்டி ஸ்பீக்கர் வாங்கினேன்.

செல் ரெண்டையும் போன வருஷம் மாத்தியாச்சு. மஸ்கட்லேர்ந்து கொண்டு போக நினைக்கறவங்களுக்கு: செல்லைப் பெரிய பெட்டியில போடக்கூடாது, முனையில டேப் ஒட்டி கைப்பையிலதான் எடுத்துட்டுப் போகணும். நான் திருப்பதியிலயே வாங்கிக்கறேன்.

கிளம்பற அன்னிக்கு, இன்னொரு காப்பி இருக்கற ஹார்ட் டிஸ்க்கை அப்பா கையிலயே கொடுத்தேன். "இது பீரோவுல இருக்கட்டும்பா. மஸ்கட்ல ஒண்ணு, தங்கச்சி வீட்ல ஒண்ணு. நீங்க என்ன பண்ணினாலும் அம்மா அழிய மாட்டாங்க"ன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லாம அதை அம்மாவோட பட்டுப்புடவைக்கு நடுவுல வெச்சுப் பூட்டினார்.

ஊர்ல அப்பா அம்மாவுக்கு இந்த மாதிரி ஏதாவது வெச்சுட்டு வந்திருக்கீங்களா? பாட்டரி மெதுவா வாங்கிக்கலாம். காப்பி இருக்குன்னு இன்னிக்கு ராத்திரியே போன் பண்ணிச் சொல்லிடுங்க.