சிட்டுக்குக் கொடுத்த பொங்கல்

போன மாதம் மகள் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி விடுகிறார்கள் அல்லவா, அங்கே ஒரு பழுப்பு மட்டக்குதிரையைப் பார்த்துவிட்டு என் பேரன் நகர மாட்டேன் என்றான். சவாரி முடிந்து இறங்கியதும் கையிலிருந்த பன்னை அதன் வாயருகே நீட்டினான். "டேய், குடுக்காதே!" என்று நான் கத்திவிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பையன் மிரண்டு அழ ஆரம்பித்தான். குதிரைக்காரத் தம்பி சிரித்தபடி, "ஒண்ணும் பண்ணாது ஐயா, எல்லாரும்தான் குடுக்கிறாங்க" என்றார்.

ஒரு பன் ஒன்றும் பண்ணாது என்று எனக்கும் தெரியும். 38 வருடம் கால்நடைத் துறையில் ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். "ஏம்ப்பா குழந்தையை இப்படி மிரட்டறீங்க?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளும் இந்தப் பக்கத்தைப் படிப்பாள்.

என் அப்பா பழனியில் குதிரை வண்டி ஓட்டியவர். நம் வயதுக்காரர்களுக்கு அந்த வண்டிகள் நினைவிருக்கும். பஸ் நிலையத்திலிருந்தும் ரயிலடியிலிருந்தும் அடிவாரத்துக்கு யாத்ரீகர்களை ஏற்றிப் போவார்கள். உள்ளே வைக்கோல் பரப்பி மேலே சாக்கு விரித்திருக்கும். பின்பாரம் தூக்கினால் "முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க" என்று வண்டிக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கள் குதிரையின் பெயர் சிட்டு. சாம்பல் நிற நாட்டு மட்டம், பெட்டை. எங்கள் ஐந்து பேர் சாப்பாடும் அவள் நான்கு கால்களில்தான் இருந்தது.

அப்பாவுக்கு எழுத்துப் படிப்பு கிடையாது. ஆனால் குதிரைத் தீனி விஷயத்தில் அவர் வைத்திருந்த ஒழுங்கை, பின்னாளில் நான் படித்த எந்தப் புத்தகமும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. புல்தான் முதல் சாப்பாடு. தினமும் காலையில் ஒரு அம்மாள் தலைச்சுமையாக அறுகம்புல் கொண்டுவந்து போடுவார். மண் போக அலசிய வேரோடு இருக்கும். அப்பா அதையும் ஒருமுறை உதறிப் பார்த்துத்தான் போடுவார். மண் வயிற்றில் சேர்ந்தால் குடலில் தங்கி வலி வரும் என்று அவருக்குத் தெரியும். கொள்ளு ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் அரைவேக்காடாக வேகவைத்து, ஆறியபின் ஒரு பிடி தவிடும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, பையில் போட்டு முகத்தில் கட்டுவார். அதுவும் ஒரே தடவையாக இல்லை, மூன்று நேரமாகப் பிரித்து. "குதிரைக்கு வாய் பெருசு, வயிறு சிறுசு" என்பார்.

அது உண்மை. பெரிய குதிரைக்கே இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அத்தனை பெரிய உடம்புக்கு அது ரொம்பச் சின்னது. இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் போயாக வேண்டும். நாய், பூனை வேண்டாததைத் தின்றால் கக்கிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். குதிரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்காகவே அதன் வயிறு அமைந்திருக்கிறது. 250 கிலோ எடையுள்ள ஒரு மட்டக்குதிரைக்குப் பச்சைப் புல்லாகப் போட்டால் ஒரு நாளைக்கு 20 கிலோவுக்குமேல் வேண்டும். தானியம் அதற்குமேல் தொட்டுக்கொள்ளத்தான்.

இந்தச் சங்கதி நம் ராஜாக்களுக்கே சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்தவர். கடல் வழியாக இங்கே வந்து இறங்கும் குதிரைகள் கவனிப்புத் தெரியாமல் செத்துப்போவதையும், சோற்றோடு இறைச்சி வேகவைத்துப் போடுவதையும், லாடம் கட்டி வைத்தியம் பார்க்க ஆள் இல்லாததையும் எழுதி வைத்திருக்கிறார். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவு செய்த மாணிக்கவாசகர் கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் குதிரைகள் நரிகளாகி ஓடாமல் லாயத்திலேயே இருந்திருந்தாலும் எத்தனை நாள் உயிரோடு இருந்திருக்குமோ!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1963ஆம் வருடம், பங்குனி உத்திரம். எனக்கு 12 வயது. அந்த மூன்று நாளும் பழனியில் கால் வைக்க இடமிருக்காது. காவடிக் கூட்டம். அப்பா விடியற்காலை வண்டி பூட்டினால் ராத்திரிதான் அவிழ்ப்பார். வருடத்தில் கடனை அடைக்கும் நாட்கள் அவை. சிட்டுவுக்கும் நேரத்துக்குத் தீனி இல்லை. ஓட்டத்துக்கு நடுவில் இரண்டு கவளம் புல், அவ்வளவுதான்.

உத்திரத்தன்று ராத்திரி அப்பா வண்டியை அவிழ்த்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்தவர், சாப்பிடாமலே தூங்கிப்போனார். கொட்டகையில் போய்ப் பார்த்தேன். சிட்டுவின் விலா ஒட்டியிருந்தது. வியர்வை காய்ந்து உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக் கனைத்தாள். எங்கள் தெருக்கோடியில் ஒரு மடம். அன்னதானம் முடிந்து பெரிய அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் மிஞ்சிக் கிடந்தது. வாளியோடு போய்க் கேட்டேன். "எடுத்துக்கோ தம்பி, கொட்டத்தான் போறோம்" என்றார்கள். ஒரு வாளி கொண்டுவந்து வைத்தேன். அவள் தின்ற வேகத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு பசி. ஓடிப்போய் இன்னொரு அரை வாளி கொண்டுவந்தேன். வெல்லம் ஒட்டிய என் விரல்களைக்கூட நக்கினாள். அன்றைக்கு நான் பெரிய புண்ணியம் செய்துவிட்ட சந்தோஷத்தோடு தூங்கினேன்.

காலையில் சிட்டு புல்லைத் தொடவில்லை. முன்காலால் தரையைப் பிராண்டினாள். திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தாள். லத்தி தண்ணீராகப் போயிருந்தது, புளித்த வாடை. அப்பா வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். பெருங்காயமும் ஓமமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்து மூங்கில் குழாயால் புகட்டினார். சாயங்காலம் வயிற்றுவலி குறைந்த மாதிரி இருந்தது. "பொழச்சுக்கிட்டா" என்றார் அப்பா.

அடுத்த நாள் விடிந்தபோது சிட்டு நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டு, உட்காரப் போகிறவள் மாதிரி சாய்ந்து நின்றாள். ஓர் அடி எடுத்து வைக்கச் சொன்னால் உடம்பெல்லாம் நடுங்கியது. லாடம் கட்டும் பாய் வந்து குளம்பில் கை வைத்தார். "அண்ணே, குளம்பு கொதிக்குது" என்றார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் காலைக் குளிர்ந்த தண்ணீரிலேயே வைத்திருக்கச் சொன்னார். வையாபுரிக் குளத்துக்கு நடத்திப் போக முடியாது. நானும் அம்மாவும் தெரு ஜனங்களும் குடம் குடமாகக் கொண்டுவந்து குளம்பில் ஊற்றினோம். நேரம் கடந்துவிட்டது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அது என்ன நோய் என்பது எனக்கு 1971இல், பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது. மாடு ஆடுகளைப் பற்றித்தான் பாடம். பொங்கல் சமயத்தில் சோற்றை அள்ளித் தின்றுவிட்டு வயிறு அமிலமாகி மாடுகள் விழுவதைச் சொல்லிக்கொண்டு வந்த ஆசிரியர், "இதே குதிரையாக இருந்தால் காலுக்கு வரும்" என்று போகிறபோக்கில் சொன்னார். எனக்குப் பேனா ஓடவில்லை.

விஷயம் இதுதான். அளவுக்குமேல் போன மாவுச்சத்தைச் சிறுகுடல் செரித்து முடிப்பதில்லை. மிச்சம் அப்படியே குருட்டுக்குடலுக்குப் போகிறது. அங்கே புல்லை நொதிக்கவைத்துச் சத்து எடுத்துக் கொடுக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. சோறும் வெல்லமும் வந்து விழுந்ததும் அமிலம் பெருகி, அந்த நல்ல உயிர்கள் கூட்டமாகச் சாகின்றன. அந்த நஞ்சு ரத்தத்தில் கலக்கிறது. குளம்பின் கெட்டியான ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்து வைத்திருப்பவை மெல்லிய மடிப்புகள். இரண்டு நோட்டுப் புத்தகத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிய மாதிரி இருக்கும். அவை அழன்று வீங்குகின்றன. ஓடு விரிந்து கொடுக்காது. மடிப்புகள் பிய்ந்து, குதிரையின் முழுப் பாரமும் இறங்க, எலும்பு கீழ்நோக்கித் திரும்புகிறது. தீனி தின்ற நேரத்துக்கும் கால் நோவுக்கும் நடுவில் ஒன்றிரண்டு நாள் ஆகிவிடுவதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. கால் நோவு வருமுன்பே, முதல் நாளே குளம்பைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்திருந்தால் ஓரளவு காப்பாற்றலாம். குதிரை தானிய மூட்டையை அவிழ்த்துத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

சிட்டு எட்டு மாதம் இருந்தாள். அப்பா கொட்டகையில் ஆற்று மணல் கொட்டி மெத்தை மாதிரி வைத்திருந்தார். விற்கச் சொன்னவர்கள் உண்டு. எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும், அதனால் விற்கவில்லை. வேறொருவர் வண்டியைக் கூலிக்கு ஓட்டி அவளுக்குப் புல் வாங்கிப் போட்டார். கார்த்திகை மழையில் அவள் படுத்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. அப்பா அதன்பிறகு குதிரை வாங்கவில்லை. பஞ்சாமிர்தக் கடை ஒன்றில் மூட்டை தூக்கப் போனார். அக்காவின் கல்யாணம் மூன்று வருடம் தள்ளிப்போயிற்று.

அப்பாவுக்கு இதற்கு ஒரு காரணம் இருந்தது. உத்திரத்தன்று உச்சி வெயிலில் ஓடிவந்த குதிரைக்கு, இளைப்பு அடங்குமுன் தொட்டியில் தண்ணீர் காட்டிவிட்டாராம். "சூட்டோட தண்ணி காட்டினேன், அதான் காலுக்கு இறங்கிடுச்சு" என்று யார் கேட்டாலும் சொல்வார். வியர்த்த குதிரை தண்ணீர் குடிப்பதால் இந்த நோய் வராது என்பதுதான் இன்றைய வைத்தியம். எட்டு வருடம் அவர் அதைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொல்லும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பொங்கலுக்கும் காலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது.

பயிற்சியிலிருந்து விடுமுறைக்கு வந்த அன்று ராத்திரி அவரிடம் சொன்னேன். மடம், வாளி, சர்க்கரைப் பொங்கல், குருட்டுக்குடல் எல்லாம். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தனை வாளிடா குடுத்தே?"

"ஒன்றரை வாளிப்பா."

எழுந்து திண்ணைக்குப் போனார். ஒரு பீடி முழுதும் இழுத்து முடிக்கும்வரை அங்கேயே இருந்தார். பிறகு உள்ளே வந்து, "பொங்கல் தின்னா வயிறு போகும். காலு எப்படிடா போகும்? தண்ணிதான். நான் காட்டின தண்ணிதான்" என்றார். நான் மறுபடி விளக்க ஆரம்பித்தேன். "போய்ப் படு கண்ணு" என்றார். அந்தப் பேச்சு அதோடு சரி. நம்பாமல் சொன்னாரா, நம்பியதனால் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 1984இல் காலமானார்.

கொடைக்கானலில் மறுநாள் காலை பேரனைக் கூட்டிக்கொண்டு அந்தக் குதிரைக்காரத் தம்பியைத் தேடிப் போனேன். தீனி என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். கோதுமைத் தவிடுதான் அதிகம் என்றார். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அதையே முக்கியத் தீனியாக வைத்தால் நாளடைவில் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முக எலும்பு வீங்கும், கால் நொண்டும் என்று சொன்னேன். தவிட்டைக் குறைத்துப் புல்லைக் கூட்டச் சொன்னேன். "புல்லு விலை தெரியுமா ஐயா?" என்றார். நியாயமான கேள்வி. அவரிடமே ஒரு கட்டுப் புல்லுக்குக் காசு கொடுத்தேன். உள்ளங்கையை விரித்து நீட்டச் சொல்லிப் பேரனுக்குக் காட்டிக் கொடுத்தேன். குதிரை புல்லை ஒரு வாய் தின்றது. பிறகு மூக்கை நீட்டி, பன் இருக்கிறதா என்று அவன் சட்டைப் பையைத் தேட ஆரம்பித்தது.