பற்றும் வரவும்

பெரியப்பாவுக்குத் தொண்டையில் கேன்சர். ஏழு வாரத்தில் 35 தடவை 'கரன்ட் வைக்கணும்' என்றார்கள். ரேடியேஷனுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். இருபதாவது தடவை முடிந்த சாயங்காலம் சொல்லிவிட்டார்:

"எச்சில் முழுங்க முடியலடா. உள்ளே வேகுது. இதுக்கு அந்த வியாதியே தேவலை. போதும், ஊருக்குப் போலாம்."

அன்று ராத்திரி படிக்க உட்கார்ந்தேன். நான் வெறும் பி.காம். கதிர் பட்டதும் கேன்சர் செல் வெயிலில் விழுந்த புழுவாகச் சுருண்டுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தானே?

கதிர், செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. உடைபட்ட செல் சும்மா இருப்பதில்லை. அதற்குள் என்.எஃப். கப்பா-பி என்று ஒரு புரதம். ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986-ல் கண்டுபிடித்தது. சாதாரண நாளில் இன்னொரு புரதம் அதைக் கட்டிப் போட்டிருக்கும். டி.என்.ஏ. உடைந்த சேதி வந்ததும் கட்டு அறுந்து, உட்கருவுக்குள் ஓடி, வரிசையாக ஜீன்களைத் தட்டி எழுப்புகிறது. இன்டர்லூக்கின்-6 மாதிரி ரசாயனங்கள் வெளியே கிளம்புகின்றன. 'இங்கே சேதம், ஓடி வாங்க' என்று எதிர்ப்பு சக்திக்கு அபாய மணி. அழற்சி என்கிறார்களே, அதன் ஆரம்பம் இது.

நல்லதுதானே? முழுசாக இல்லை. அது எழுப்புகிற ஜீன்களில் சில, 'சாகாதே, தாக்குப் பிடி' என்று அந்த கேன்சர் செல்லையே காப்பாற்றுபவை! கணக்குப் பாடத்தில் டபுள் என்ட்ரி என்போம். ஒரு பக்கம் பற்று எழுதினால் மறு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். அதே கதை.

மொத்தத்தையும் ஒரே அடியாகக் கொடுத்தால் பக்கத்து நல்ல சதை தாங்காது. அதனால் தடவைக்கு 2 கிரே, மொத்தம் 70. இன்று தப்பித்த செல்லுக்கு நாளைக்கு மறுபடி அடி. நடுவில் நிறுத்தினால், தப்பித்ததெல்லாம் மளமளவென்று பெருகும். பெரியப்பாவின் தொண்டையில் வெந்தது, நல்ல சதையும் சேர்ந்து அடித்த அதே மணி.

மறுநாள் டாக்டரிடம் வலியைச் சொன்னோம். மருந்து கொடுத்தார், கஞ்சி இறங்க மூக்கு வழியாக டியூப் போட்டார். உங்கள் வீட்டிலும் யாராவது 'போதும்' என்றால், முதலில் வலியை டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரியப்பாவிடம் புரதக் கதையெல்லாம் பேசவில்லை. நாற்பது வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவர். "இன்னும் பதினஞ்சு என்ட்ரி பாக்கி பெரியப்பா. கணக்கு முடிக்காம கடையைச் சாத்தலாமா?" என்றேன்.

"லாபமா, நஷ்டமா?" என்றார், கரகரத்த குரலில்.

"முடிச்சாதான் தெரியும்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோ கூப்பிடச் சொன்னார்.