தரையில் படாத பாதங்கள்



இரயில் நிலையத்தில் ஒரு பெண் நிற்கும் படம் என்று நான் இதைத் தொடங்கினால் அது சரியாகாது. அவர் நிற்கவில்லை. அவருடைய பாதங்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் வெற்றிடம் இருக்கிறது. கைகள் இயல்பாகத் தொங்குகின்றன, முகத்தில் அவசரமில்லை. தரையைத் தொட மறந்துபோய் அப்படியே எங்கோ போய்க்கொண்டிருப்பவரைப் போலத் தோன்றுகிறார்.

அப்போது தோக்கியோவில் வாழ்ந்த நட்சுமி ஹயாஷி என்னும் நிழற்படக் கலைஞர் தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட படங்கள் இவ்வகையின. 2011 ஜனவரி 1 முதல் ‘இன்றைய மிதத்தல்’ என்ற பெயரில், நாட்குறிப்பு எழுதுகிறவரைப் போல, இவற்றைத் தமது வலைப்பூவில் வெளியிட்டு வந்தார். மேலிருந்து கட்டிய கயிறு கிடையாது; கணினியில் வெட்டி ஒட்டி அவரை மிதக்க வைக்கவும் இல்லை. அவர் குதித்தார், அவ்வளவுதான். மனநிறைவான ஒரு படம் கிடைப்பதற்காகச் சில நாட்களில் 300 தடவைக்கு மேலும் குதித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த வலைப்பூவின் பெயரில் ‘யோவயோவ’ என்றொரு ஜப்பானியச் சொல் வருகிறது. வலுவற்ற, தளர்ந்த என்பது அதன் பொருள். 300 தடவை குதிக்கிறவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அது!

இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். வாலிபர்கள் கட்டாயம் கேட்பீர்கள். கேமராவை டிரைபாடில் தாழ்வாக வைத்தால் சிறிய உயரமும் பெரிதாகத் தெரியும். டைமரை முடுக்கிவிட்டு, ஓடிப்போய், அது படம் பிடிக்கும் நொடியில் குதிக்க வேண்டும். ஷட்டர் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு நேரமோ அதற்கும் குறைவாகவோ திறந்து மூடினால்தான் உருவம் கலங்காமல் பதியும். நம்மில் ஒருவர் 30 சென்டிமீட்டர் உயரம் குதித்தால் காற்றில் இருப்பது ஏறத்தாழ அரை நொடி. இதில் ஒரு வியப்பு உண்டு. அந்த அரை நொடியில் சரிபாதி, உச்சியிலுள்ள கால்பங்கு உயரத்திலேயே கழிகிறது. ஏறுவது ஓய்ந்து இறங்குவது தொடங்கும் அவ்விடத்தில் உடல் சற்றுத் தங்கிப் போகிறது. கேமரா பிடிக்க வேண்டியது அந்தத் தங்கலைத்தான்.

ஆனாலும் உடல் எளிதில் காட்டிக்கொடுத்துவிடும். தலைமுடி மேலே எழும்பியிருந்தால் இவர் விழுந்துகொண்டிருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரியும். கால்விரல்கள் தரையைத் தேடி நீண்டிருந்தாலும் அப்படியே. பாதங்களை எப்படிக் காட்டுவது என்பது பழைய ஓவியர்களுக்கும் இருந்த சிக்கல்தான். ஜெர்மானியரான ஆல்பிரெக்ட் ட்யூரர் பரமேறுதலை மரத்தில் செதுக்கியபோது ஆண்டவருடைய முகத்தை அங்கே காட்டவேயில்லை. படத்தின் மேல்விளிம்பில் மறையும் இரண்டு பாதங்களும், கீழே பாறையில் பதிந்த சுவடுகளும் மட்டுமே இருக்கின்றன. பறக்கிறவரைப் பக்கம் நிறைய வரைந்த பலரைவிட அவர் நன்றாகச் செய்தார் என்பது என் எண்ணம்.

மிதக்கும் படத்தில் எல்லாவற்றையும்விடக் கடினமானது முகம். கால்கள் முழுவலுவோடு உந்திக்கொண்டிருக்கும்போது முகம் ஒன்றும் அறியாததுபோல் இருக்க வேண்டும். பல்லைக் கடிக்கக் கூடாது. கண்ணை இறுக்கக் கூடாது. பார்க்கிற நீங்கள் அந்த அமைதியை நம்பிவிடுகிறீர்கள். குதித்து இறங்கிய மற்ற 299 தடவைகள் உங்கள் கண்ணுக்கு வருவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றைத் தேடினார் பிலிப் ஹால்ஸ்மன். இலட்வியாவின் ரீகா நகரில் பிறந்து அமெரிக்காவில் பேர்பெற்ற நிழற்படக்காரர் அவர். 1948இல் ஓவியர் சால்வதோர் தாலியைக் குதிக்கவைத்து, அதே கணத்தில் மூன்று பூனைகளையும் ஒரு வாளித் தண்ணீரையும் வீசச்செய்து எடுத்த படம் 28ஆம் முயற்சியில்தான் கைகூடியது. (பூனைகளின் கருத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.) பிற்பாடு, பெரிய மனிதர்களை முறைப்படி படம் எடுத்து முடித்ததும், “ஒரு தடவை எனக்காகக் குதிப்பீர்களா?” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார். அப்போது துணை அதிபராயிருந்த ரிச்சர்ட் நிக்சன் குதித்தார். விண்ட்சர் கோமகனும் அவர் மனைவியும் காலணிகளைக் கழற்றிவிட்டுக் குதித்தார்கள். விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் ஒரு கையை வானுக்கு நீட்டியபடி குதித்தார். 1959இல் இவை புத்தகமாக வந்தன. ஹால்ஸ்மனின் கருத்து எளிமையானது: குதிக்கிறவரின் கவனம் முழுவதும் குதிப்பதிலேயே போய்விடுவதால், முகத்தைக் காத்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை, முகமூடி கழன்று உள்ளே இருக்கும் ஆள் வெளிப்படுகிறார்.

ஒரே குதிப்புதான். ஒருவர் அதில் முகத்தைக் காக்கச் சொல்கிறார், மற்றவர் இழக்கச் சொல்கிறார். இவற்றில் எது மெய்யான படம் என்று நான் சில காலமாக யோசித்து வந்தேன்.

கோடை விடுமுறையில் எங்கள் சபை வாலிபர்கள் சிலர் போதகர் இல்லத்து மொட்டைமாடியில் மாலைதோறும் இந்த விளையாட்டில் இறங்கினார்கள். டிரைபாடுக்குப் பதில் இரண்டு செங்கல். அதன்மேல் சாய்த்துவைத்த கைப்பேசி. “ஐயா, முகத்த மட்டும் சும்மா வச்சுக்கங்க” என்று என்னையும் குதிக்கவைத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில், பதினொரு தடவை. ஒவ்வொரு படத்திலும் என் முகம் பல் பிடுங்கக் காத்திருப்பவனுடைய முகம். என் மனைவி அவற்றைத் தன் தங்கைக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

அவர்களில் பதினேழு வயது மகன் ஒருவன் இருந்தான். மற்றவர்களுக்கு நாற்பது ஐம்பது தடவை பிடித்த அந்த முகம் அவனுக்கு இரண்டாம் குதிப்பிலேயே வாய்த்துவிட்டது. மாலை வெயில், பின்னால் ஆலயக் கோபுரம், கீழே தனித்துக் கிடக்கும் நிழல், நடுவே எந்தச் சலனமும் இல்லாத ஒரு பையன். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை. அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். மார்ச் மாதத்தில் அவனுடைய தகப்பனாரை அடக்கம் செய்தபோது, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் அதே முகத்தோடுதான் நின்றான். பிறகு வீட்டிற்கு ஜெபிக்கப் போன நாட்களிலும் அதே முகம்தான். அவன் நன்றாகத் தேறிவிட்டான் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள்.

“தம்பி, இன்னும் கொஞ்சம் குதி. இந்தத் தடவை முகத்தைப் பற்றிக் கவலைப்படாதே” என்றேன். முதல் சில குதிப்புகளில் ஒன்றும் மாறவில்லை. பழகிப்போன முகம் எளிதில் விடுவதில்லை. பிறகு உயரமாகக் குதிக்கத் தொடங்கினான். ஏழாவதோ எட்டாவதோ தடவையில் ஒரு செருப்பு கழன்று பறந்து தண்ணீர்த் தொட்டியில் மோதியது. அவன் ஒருபக்கமாகச் சாய்ந்து இறங்கினான். படத்தில் கண்கள் மூடியிருந்தன, வாய் திறந்திருந்தது, உருவம் பாதி கலங்கியிருந்தது.

செருப்பை எடுக்கப் போனவன் தொட்டியின் அருகிலேயே உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள். வாலிபர்களுக்கு இங்கிதம் இல்லை என்று இனி எவரும் என்னிடம் சொல்ல வேண்டாம். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவன் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா எப்பவும் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க, ஐயா. அதான்.”

அவனைத் தேற்ற என்னிடம் வார்த்தை இருக்கவில்லை. இருட்டும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

இரண்டு படங்களையும் அவன் தாய்க்குக் காட்டியிருக்கிறான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்து, கைப்பேசியில் உள்ள படத்தை எந்தக் கடையில் பிரதி எடுத்துத் தருவார்கள் என்று விசாரித்தார். கோபுரம் தெரியும் படத்தைத்தான் கேட்கிறார் என்று எண்ணிக் கடைத்தெரு ஸ்டுடியோவுக்கு வழி சொன்னேன். படம் தெளிவாக இல்லையே, வேறு இருந்தால் கொடுங்கள் என்று கடைக்காரர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாராம். ஆறுக்கு நான்கு அளவில் இரண்டு போடச் சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.