கேட்காமலே சொன்னவருக்கு நன்றி

பொலோன்யா, ஃப்ளோரன்ஸ், ரோம் நகரத்தாருக்கு,

சுற்றுலாப் பயணிகளால் உங்களுக்கு வீட்டு வாடகை ஏறுகிறது, சொந்தத் தெருவில் நடக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருவர். அப்படியிருந்தும் எங்களை நடத்திய விதத்துக்காக என் மனைவியும் நானும் எழுதும் மடல் இது.

பலருடைய பயணத் திட்டத்தில் பொலோன்யா ரயில் மாறும் ஊர் மட்டுமே. அங்கே நடைபாதைக்கு மேல் தூண்களும் கூரையுமாக 62 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைகூடங்கள் இருக்கின்றன. யுனெஸ்கோ 2021-இல் அவற்றில் சில பகுதிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. என்னை வியக்க வைத்தது அதைவிடப் பழைய சங்கதி. வீடு கட்டுகிறவர் முன்புறம் கூடம் விட்டே ஆகவேண்டும் என்று 1288-இலேயே நகரம் சட்டம் போட்டிருக்கிறது. இடமும் பராமரிப்பும் வீட்டுக்காரருடையவை. நடக்கும் உரிமை ஊருக்கு. திண்ணை வைத்துக் கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாங்கள் திண்ணைக்குக் கிரில் போட்டுவிட்டோம், நீங்கள் போடவில்லை. மழை கொட்டிய மாலையிலும் குடை விரிக்காமலே நடந்துபோய்ச் சாப்பிட்டோம். சான் லூக்கா தேவாலயக் குன்றுக்கு 666 வளைவுகளின் கீழே ஏறும் பாதைக்கும் கூரை உண்டு. மூச்சு வாங்குவதற்கு மட்டும் நீங்கள் பொறுப்பல்ல.

என் மனைவி சைவம். பொலோன்யாவோ பன்றி இறைச்சிக்குப் பேர்போன ஊர். சிறிய ட்ராட்டோரியா உணவகம் ஒன்றில் ரிக்கோட்டா சீஸ் அடைத்த தோர்த்தெல்லோனி பாஸ்தா கேட்டோம். பரிமாறுபவர் குறித்துக்கொள்ளாமல் நின்றார். உள்ளே பார்மிஜானோ சீஸ் இருக்கிறது, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால்தான் அதற்குப் பாலை உறைய வைக்கிறார்கள், பரவாயில்லையா என்று கேட்டார். சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அவளுக்குச் சுட்ட கத்தரிக்காயும் சுக்கினியும் வந்தன, தோர்த்தெல்லோனி எனக்கு. இந்த மடலின் பெரும்பங்கு அந்த மனிதருக்கே உரியது.

சாப்பிட்டு முடித்தும் பில் வரவில்லை. நாமாகக் கேட்கும்வரை கொண்டுவந்து வைப்பது விருந்தாளியை எழுப்பி அனுப்புவது போலாகும் என்பது உங்கள் வழக்கம். டிவி முன் தட்டோடு உட்கார்ந்தே பழகிய நாங்கள் அந்த மேசையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். மேசைக்கென்று தலைக்கு இவ்வளவு என வாங்கும் கோப்பெர்த்தோ கட்டணத்தைச் சில பயணிகள் திட்டுகிறார்கள். அவ்வளவு நேரத்துக்கு அது மலிவு என்பேன்.

ஃப்ளோரன்ஸில், 1436-இல் கட்டி முடித்த கட்டடக் கலைஞர் ப்ரூனெல்லெஸ்கியின் பேராலயக் கும்மட்டத்துக்கு 463 படி ஏறி இறங்கிய பசிக்கு ரிபொல்லீத்தா கிடைத்தது. பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கீரை எல்லாம் சேர்த்துத் திரும்பக் கொதிக்க வைத்த ஏழை வீட்டுச் சூப். சீஸ் தூவாமல் வாங்கி, மனைவி கவலையில்லாமல் சாப்பிட்டாள். உங்கள் உப்பில்லாத ரொட்டி மட்டும் கடைசிவரை எனக்கு ஒட்டவில்லை.

ரோமில் கூட்டம் கூடுதல், பொறுமை குறைவு. ஆனாலும் தெருவோரம் ஓயாமல் ஓடும் நசோனே குழாய்களில் குடிநீர் இலவசம். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள துளை வழியே நீர் எழும்பும். வாய் வைத்துக் குடிக்கலாம். பள்ளிப் பை மாட்டிய ஒரு சிறுமி நின்று செய்து காட்டிவிட்டுப் போனாள். அவளுக்கும் நன்றி.

இதைப் படித்துவிட்டுக் கிளம்பும் தம்பதிகளே, காலி பாட்டில் ஒன்றை எடுத்துப் போங்கள். பொலோன்யாவில் இரண்டு இரவாவது தங்குங்கள். ஃப்ளோரன்ஸிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் 40 நிமிடம்தான்.