ரிப்போர்ட்டின் கடைசி வரி

மூட்டு வலி, நடந்தால் மூச்சு வாங்கல், நெஞ்சில் 'மர்மர்' என்று நாங்கள் சொல்லும் இரைச்சல். வயது இருபத்தைந்து, பெண். போளூரில் இப்படி ஒருவர் நான் எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்கிற மேசையில் படுத்தால், ஜெல் தடவும் முன்பே 'ருமாட்டிக் இதய நோய்' என்ற முடிவு மனசில் வந்து உட்கார்ந்துவிடும். வராமல் என்ன செய்யும்? இந்தப் பக்கத்து இளவயதுக்காரர்களிடம் நாங்கள் பார்க்கும் பாழான வால்வுகளில் பெரும்பாலானவை ருமாட்டிக் காய்ச்சலால் பாழானவைதான். பள்ளிக்கூட வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் ஒரு தொண்டைப் புண். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு தாவுகிற வலி. பிறகு பல வருஷம் ஒன்றுமே இல்லை. கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது திடீரென்று படுத்தால் மூச்சு முட்டும். இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, வேலூர் சிஎம்சியில் ஸ்டான்லி ஜானும் அவருடைய சகாக்களும், சுருங்கிப்போன மைட்ரல் வால்வை இதயத்தைத் திறக்காமலே விரித்துவிட்ட 3,724 பேரின் விவரத்தை 1983-ல் வெளியிட்டார்கள். ஒரே மருத்துவமனையில் அத்தனை பேர். அப்படிப்பட்ட ஜில்லாவில் தொழில் பழகியவர்களின் கண்ணுக்கு, தடித்த வால்வு எல்லாமே ருமாட்டிக் வால்வாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

இந்தப் பழக்கத்துக்குள் ஒளிந்துகொள்ள, உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குகிற லூபஸ் நோய்க்கு எல்லா வசதியும் இருக்கிறது. அதுவும் முக்கியமாக இளம்பெண்களைப் பிடிக்கிற நோய். பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதுவும் மூட்டு வலியிலும் விடாத காய்ச்சலிலும் ஆரம்பிக்கலாம். அதுவும் மைட்ரல் வால்வைத்தான் முதலில் தேடிப்போகும், அடுத்தது அயோர்ட்டிக் வால்வு. ஊரில் கிடைக்கும் ஸ்டீராய்டு ஊசிக்கு இரண்டு நோயின் மூட்டு வலியும் இரண்டு நாளில் அடங்கும். "ஊசி போட்டா நல்லாயிடுது, நாலு நாள்ல திரும்ப வந்துடுது" என்று சொல்கிறவர்களைக் கண்டால் நான் இப்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். மருந்தில் அமுங்கி அமுங்கி எழுகிற நோய்க்கு வால்வைத் தின்ன நிறைய நேரம் கிடைத்திருக்கும்.

ஆகவே எக்கோ பார்க்கிற வேலை மெஷினை ஆன் செய்வதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. முகத்தைப் பார்க்க வேண்டும். மூக்கின் மேலும் இரு கன்னத்திலும் சிவப்பாகப் படரும் தடிப்பு என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அந்தப் படங்களில் இருப்பவர்கள் வெள்ளைக்காரர்கள். நம் தோலில் அது சிவக்காது, கறுக்கும். மங்கு என்று ஏதோ களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். வெயிலில் நடவுக்கும் களையெடுப்பிற்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்ணிடம் "முகம் கறுத்திருக்கே" என்று கேட்டால், "வெயில்ல நின்னா கறுக்காம?" என்பாள். நியாயமான பதில். நான் வேறு மாதிரிக் கேட்பேன்: வெயிலில் நின்ற அன்றைக்கு ராத்திரி காய்ச்சல் வருகிறதா, மறுநாள் மூட்டு வீங்குகிறதா? தலை சீவினால் முடி கொத்துக்கொத்தாக வருகிறதா? வலிக்காத புண் வாயின் மேலண்ணத்தில் இருக்கிறதா? (வலிக்காததால் அவர்களுக்கே தெரியாது, டார்ச் அடித்து நானேதான் பார்க்க வேண்டும்.) மூத்திரம் நுரைக்கிறதா?

பிள்ளைகளைப் பற்றிய கேள்வியில்தான் அதிகம் அகப்படும். எத்தனை பிள்ளை என்று கேட்டால் உயிரோடு இருப்பதை மட்டும் சொல்வார்கள்.

"எத்தனை பிள்ளைம்மா?"

"ஒண்ணுதான்."

"எத்தனை தடவை முழுகாம இருந்தே?"

"நாலு தடவை, டாக்டரம்மா. மூணு நிக்கல."

லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருக்கும். லண்டனில் கிரகாம் ஹியூஸ் 1983-ல் இவற்றைக் கருச்சிதைவோடும் ரத்தம் உறைவதோடும் சேர்த்து ஒரே நோயாக விவரித்தார். நஞ்சுக்கொடியில் ரத்தம் உறைந்தால் கரு கலைகிறது. மூளைக்குப் போகிற குழாயில் உறைந்தால் முப்பது வயதில் கைகால் விழுகிறது. இந்த எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு வால்விலும் உறைகட்டிகள் அதிகம். மூன்று கருச்சிதைவு என்கிற ஒரு தகவல், பல சமயம் என் மெஷின் காட்டுவதைவிட அதிகம் சொல்லிவிடுகிறது.

பிறகு காது. மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிற ஏர்ஹாரன்களுக்கு இடையில்தான் கேட்க வேண்டும் என்பது வேறு விஷயம். ருமாட்டிக் சுருக்கம் என்றால் முதல் ஒலி அறைவது போலக் கேட்கும், அதன்பின் தாழ்ந்த உறுமல். லூபஸ் வால்வு பெரும்பாலும் சுருங்காது, கசியும்; அதில் கேட்பது துடிப்பு முழுக்க ஊதுகிற இரைச்சல். ஆனால் காதை ரொம்ப நம்பவும் முடியாது. இந்தப் பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும், காய்ச்சலும் இருக்கும். அவை இரண்டுமே நல்ல வால்விலும் இரைச்சலை உண்டாக்கும். கெட்ட வால்வு சத்தமே போடாமல் இருப்பதும் உண்டு.

லூபஸின் இந்த வால்வு நோயை முதலில் பிரித்துக் காட்டியவர்கள் நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையின் இமானுவேல் லிப்மேனும் பெஞ்சமின் சாக்ஸும். 1924-ல் நாலே நாலு நோயாளிகளை வைத்து எழுதினார்கள். எக்கோ கிடையாது, லூபஸுக்கு ரத்தச் சோதனை கிடையாது. இறந்தவர்களின் இதயத்தைத் திறந்துதான் பார்த்தார்கள். வால்வின் மேல் மருக்கள் போல ஒட்டியிருந்தவற்றில் கிருமி எதுவும் இல்லை, ருமாட்டிக் வால்வின் சாயலும் இல்லை. லூபஸோடு அதன் உறவு பின்னால்தான் தெளிவாயிற்று. ஸ்டீராய்டு வந்த பிறகு கதை கொஞ்சம் மாறியது. 1975-ல் பல்க்லி, ராபர்ட்ஸ் இருவரும் லூபஸால் இறந்த 36 பேரின் இதயங்களை ஆராய்ந்து, ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களிடம் மருக்கள் சிறுத்து ஆறியிருப்பதைக் கண்டார்கள். ஆறியது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஆறின இடம் வடுவாகிச் சுருங்கும், வால்வின் இதழ் முழுதாக மூடாது, கசிவு பிறக்கும். மருந்தால் உயிர் பிழைத்தவர்களுக்கு வருகிற வால்வு நோய் இது.

திரையில் இதைப் பிடிப்பதுதான் என் தொழிலின் நுட்பமான பகுதி. ருமாட்டிக் மைட்ரல் வால்வில் இதழ்கள் சேரும் மூலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நீள்வாக்கில் பார்த்தால் முன்னிதழ் ஹாக்கி மட்டை போல வளையும். அதைத் தாங்கும் நாண்கள் தடித்துக் குட்டையாகியிருக்கும். லூபஸ் வால்வில் மூலைகள் பெரும்பாலும் விட்டிருக்கும். இதழ் பரவலாகத் தடித்திருக்கும், நடுவிலும் நுனியிலும் அதிகமாக. மரு இருந்தால் ஒரு சென்டிமீட்டருக்குள்தான். அகலமாக ஒட்டி, இதழோடு சேர்ந்தே அசையும், தனியாக ஆடாது. மைட்ரலில் மேலறைப் பக்கம், இதழ்கள் மூடும் கோட்டை ஒட்டித் தேட வேண்டும்.

தேடும்போது நாமே நோயை உண்டாக்கிவிடவும் கூடும். மெஷினில் கெயின் என்கிற திருகைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் எல்லோருடைய வால்வும் தடித்துத் தெரியும். பழைய மெஷின்களில் படம் மங்கல் என்று ஏற்றியே வைத்துவிடுவது வழக்கம். நான் முதலில் கெயினைக் குறைத்து, இதயத் தசை கறுப்பாகும் நிலைக்குக் கொண்டுபோய், பிறகு மெல்ல ஏற்றுவேன். அப்போதும் அயோர்ட்டிக் வால்வின் நுனியில் நூல் மாதிரி ஒன்று ஆடலாம். அது 1856-லேயே லாம்பிள் என்பவர் விவரித்த சாதாரண இழை. மரு என்று எழுதி ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து வருகிற மெலிந்த பெண்களுக்கு விலா இடுக்கு வழியாகப் படம் தெளிவாக விழும். நகரத்து டாக்டர்கள் பொறாமைப்பட வேண்டிய விஷயம்.

இவ்வளவு செய்தும் நெஞ்சின் மேலிருந்து பார்க்கிற எக்கோவுக்கு ஒரு எல்லை உண்டு. நியூ மெக்சிகோவில் ரோல்டானும் சகாக்களும் 69 லூபஸ் நோயாளிகளுக்கு உணவுக்குழாய்க்குள் கருவியை இறக்கி, இதயத்தின் பின்பக்கமிருந்து பார்த்து 1996-ல் எழுதினார்கள். 61 சதவீதம் பேரின் வால்வில் கோளாறு. 43 சதவீதம் பேரிடம் மரு. இவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. என்னிடம் அந்தக் கருவி இல்லை. இளம்பெண்ணுக்கு வாய் கோணியது, கை மரத்தது என்ற கதை இருந்து, என் படத்தில் ஒன்றும் தெரியாவிட்டால், 'ஒன்றுமில்லை' என்று எழுதாமல் வேலூருக்கு எழுதுகிறேன்.

காய்ச்சலோடு வருகிறவரிடம் மரு தெரிந்தால்தான் உண்மையான தலைவலி. லூபஸ் மருவா, கிருமி தொற்றிய மருவா? ஒன்றுக்கு ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும், இன்னொன்றுக்குக் கூட்டினால் ஆபத்து. முன்பே புண்பட்ட லூபஸ் வால்வில் கிருமியும் வந்து குடியேறலாம். இதைத் தீர்க்கும் ஒரே நல்ல வழி, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் வெவ்வேறு இடங்களில் மூன்று முறை ரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது. எங்களிடம் வந்து சேரும்போது எங்கேயோ ஆன்டிபயாடிக் ஊசி இறங்கியிருக்கும். பாட்டிலில் எதுவும் வளராது. வளரவில்லை என்பதால் கிருமி இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும், காய்ச்சலும் மர்மரும் சேர்ந்து வந்தால் ஊசியைக் கையில் எடுக்காமல் அனுப்புங்கள் என்று சுற்றுப்பட்டு டாக்டர்களிடம் நான் கெஞ்சாத குறை.

எல்லாம் பார்த்து முடித்து ரிப்போர்ட் எழுதுகிற இடத்துக்கு வருகிறேன். அதில் மேலே இருபது வரி இருக்கும்: அறைகளின் அளவு, இதழின் தடிப்பு, கசிவின் வேகம். அவற்றை யாரும் படிப்பதில்லை. கடைசி வரியை மட்டும்தான் படிக்கிறார்கள். அடுத்த டாக்டர் அதைச் சீட்டில் பெயர்த்து எழுதுவார், அதற்கடுத்தவர் அந்தச் சீட்டைப் பார்த்து எழுதுவார். 'ருமாட்டிக்' என்று ஒருமுறை விழுந்தால் பத்து வருஷத்துக்கு அதுதான் அந்தப் பெண்ணின் நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் பென்சிலின் ஊசி. ருமாட்டிக் என்றால் அது உயிர் காக்கும் ஊசி. லூபஸ் என்றால் அந்த வலியால் ஒரு பயனும் இல்லை, அதற்குள் சிறுநீரகம் போயிருக்கவும் கூடும். அதனால் மூலைகள் ஒட்டாத வால்வைக் கண்டால் காரணத்தை நான் எழுதுவதில்லை. கண்டதை எழுதி, 'ருமாட்டிக் வடிவம் இல்லை. ஏஎன்ஏ, ஆன்டிபாஸ்போலிபிட், சிறுநீர்ப் புரதம் பார்க்கவும்' என்று முடிக்கிறேன். ஏற்கெனவே பென்சிலின் போட்டுக்கொண்டிருப்பவராக இருந்தால் 'முடிவு தெரியும்வரை நிறுத்த வேண்டாம்' என்றும் சேர்ப்பேன். இல்லாவிட்டால் என் சந்தேகமே இன்னொரு தப்புக்கு வழியாகிவிடும்.

லூபஸுக்கு முதலில் பார்க்கிற ரத்தச் சோதனையான ஏஎன்ஏ மட்டும் பாசிட்டிவாக வந்தால் லூபஸ் என்று முடிவுகட்ட முடியாது. நல்ல ஆரோக்கியமானவர்களிலும் கணிசமான பேருக்கு அது குறைந்த அளவில் பாசிட்டிவாக வரும். 2019-ல் வெளியான சர்வதேச லூபஸ் அளவுகோலில் இதய உறை அழற்சிக்கு மதிப்பெண் உண்டு, வால்வு நோய்க்குக் கிடையாது. எனக்கு இது ஒரு சின்ன மனத்தாங்கல். 2023-ல் வந்த ஆன்டிபாஸ்போலிபிட் அளவுகோல் வால்வு தடித்தால் இரண்டு, மரு இருந்தால் நாலு என்று மதிப்பெண் கொடுத்த பிறகுதான் கொஞ்சம் ஆறியது.

நோய் உறுதியானால் அடித்தளம் ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரை. மலேரியாவுக்கு வந்த மருந்து. லூபஸ் சீறுவதைக் குறைக்கிறது, ரத்த உறைவையும் ஓரளவு குறைக்கிறது, கர்ப்பத்திலும் நிறுத்த வேண்டியதில்லை. வருஷாவருஷம் கண்ணைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு இதுதான் மருந்து என்று ஒரு பேச்சு கிளம்பி, நோயில்லாதவர்களெல்லாம் வாங்கிப் பதுக்கினார்கள். ஏற்றுமதிக்கே மத்திய அரசு தடை போட வேண்டிவந்தது. வெயில் பட்டாலும் லூபஸ் சீறும்; அதற்காக மருந்துச்சீட்டில் 'வெயிலைத் தவிர்க்கவும்' என்று எழுதுவது கூலிக்காரப் பெண்ணிடம் சாப்பிடாதே என்று சொல்வதற்குச் சமம். களைக்குப் போகிறவர்கள் புருஷனின் முழுக்கைச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். அதையே நான் எழுதிக் கொடுக்கிறேன்: முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, பதினோரு மணிக்குமேல் நிழல் வேலை கேள்.

கசிவு முற்றிப்போய் வால்வை மாற்ற வேண்டி வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கை கொடுக்கும். இளவயதுக்கு உலோக வால்வு நெடுநாள் உழைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை நிறுவனத்தில் வல்லியத்தான் குழு உருவாக்கி 1990-ல் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வும் அந்த வகைதான். பொருத்தினால் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை ஆயுசுக்கும். ரத்தச் சோதனை தேவைப்படாத புது மாத்திரைகளை உலோக வால்வுக்கோ, ஆன்டிபாஸ்போலிபிட் பலமாக இருப்பவருக்கோ கொடுக்கக் கூடாது. அசிட்ரோம் சாப்பிட்டால் கீரையே கூடாது என்று யாரோ சொல்லி, பாவம், முருங்கைக்கீரையை அடியோடு விட்டுவிட்டு வருவார்கள். வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள் சாப்பிடட்டும். ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறு வாரம் ஒன்றுமில்லை என்பதுதான் மாத்திரையின் கணக்கைக் குலைக்கும்.

அறுவை வரை போகாதவர்களை வருஷம் ஒருமுறை எக்கோவுக்கு வரவழைப்பதுதான் பெரும்பாடு. "மூட்டு வலியே இல்ல, எதுக்கு திரும்ப?" என்பார்கள். ரோல்டான் ஆய்வு அதற்கும் பதில் வைத்திருக்கிறது: லூபஸ் தணிந்திருப்பதற்கும் வால்வின் போக்குக்கும் சம்பந்தமில்லை; நோய் அடங்கிக் கிடக்கும்போதே புது மரு வரலாம், இருந்தது மறையலாம். இதைச் சொல்லி நம்பவைக்க முடியவில்லை. இப்போது நான் தேதி கொடுப்பதில்லை. ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போவீர்கள் அல்லவா, போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்கிறேன். வந்துவிடுகிறார்கள். ஆடி மாதம் மற்ற எக்கோக்களைத் தள்ளிப் போடவேண்டியிருக்கிறது.