சிவப்பு விளக்கு அணைந்த பிறகு

பழைய கார் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் பழி முதலில் பற்றரியின் தலையில் விழுகிறது. புதியதைப் போட்டதும் ஒரு கிழமை ஒழுங்காக ஓடும். பிறகு பழைய கதைதான். அடுத்ததாக, பற்றரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவைக் கழற்றி வைண்டிங் கட்டக் கொடுப்பார்கள். அதற்கும் சரிவராவிட்டால் டைனமோவைப் பற்றரியோடு இணைக்கும் கட்டவுட் பெட்டி. இடையில் கிடைத்த அந்த ஒரு கிழமையைக் கணக்குப் பார்த்தாலே நடந்தது விளங்கிவிடும். கார் தினமும் ஒரு மணித்தியாலம் ஓடுகிறது, அந்த நேரத்தில் மின்செலவு வரவைவிட 5 அம்பியர் கூட என்று வைப்போம். 40 அம்பியர்-மணிப் பற்றரி எட்டு நாளில் முழுதும் காலியாகும். செல்ப் மோட்டரைச் சுழற்றும் பலம் அதற்கு முன்பே போய்விடும். புதிய பற்றரி குறையைத் தீர்க்காமல் சில நாள் கடன் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அரைகுறைச் சார்ஜிலேயே கிடக்கும் ஈய-அமிலப் பற்றரியின் தகடுகளில் சல்பேற்று படிந்து இறுகும். நாளடைவில் அந்தப் பற்றரி உண்மையாகவே கெடும். அதைச் சோதிப்பவர் இதுதான் காரணம் என்று முடிவு கட்டுவார். அது விளைவு என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

வயர், மூட்டு, எர்த் என்று முழுச் சுற்றையும் மின்னோட்டம் ஓடும்போது அளக்காமல் எந்தப் பாகத்தையும் கழற்றக்கூடாது என்பதே என் நிலைப்பாடு. மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1960-களின் மைனரில் இருப்பது லூகஸ் சி40 டைனமோ, அதன் உச்சம் 22 அம்பியர். டாஷ்போர்டிலுள்ள சிவப்பு விளக்கின் ஒரு பக்கம் இக்னிஷன் சுவிச்சோடும் மறுபக்கம் டைனமோவின் 'டி' முனையோடும் இணைந்திருக்கிறது. இரு பக்க வோல்ற்றளவும் ஏறத்தாழச் சமமானதும் விளக்கு அணையும். அது சொல்லும் சேதி அவ்வளவே. பற்றரிக்கு எத்தனை அம்பியர் போய்ச் சேர்கிறது என்று அந்த விளக்குக்குத் தெரியாது. நடுவில் ஒரு மூட்டு 2 வோல்ற்றை விழுங்கினாலும், அந்த வித்தியாசத்தில் 12 வோல்ற் பல்ப் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியுமளவு எரியாது. டைனமோவுக்குப் பதில் அல்டனேற்றர் பூட்டிய பிற்காலக் கார்களில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் அந்தப் பல்ப் வழியாகத்தான் தொடக்க மின்னோட்டமே போகிறது. பல்ப் எரிந்துபோனால் நல்ல அல்டனேற்றரும் சும்மா சுற்றும்.

கெட்ட மூட்டு தன்னை மறைத்துக்கொள்வதில் கெட்டிக்காரத்தனமானது. 0.1 ஓம் தடையுள்ள ஒரு மூட்டில் 1 அம்பியர் ஓடினால் இழப்பு 0.1 வோல்ற்றுதான். டெஸ்ட் பல்ப் வைத்துப் பார்ப்பவருக்கு அது பளிச்சென்று எரியும், 'வயர் நல்லம்' என்பார். அதே மூட்டில் 20 அம்பியர் ஓடும்போது இழப்பு 2 வோல்ற். அந்தச் சிறு பித்தளைத் துண்டில் 40 வாற் வெப்பமும் பிறக்கும். எஞ்சினை நிறுத்தி, வயரைக் கழற்றி, தடை பார்த்துத் திருப்திப்படுவதால் எதுவும் வெளிவராததற்கு இதுவே காரணம். ஹெட்லைற்றைப் போட்டு, எஞ்சினை உயர்த்தி, மீற்றரின் ஒரு முனையை 'டி'யிலும் மறுமுனையைப் பற்றரியின் உயிர்முனையிலும் வைத்தால் பாதை முழுவதன் இழப்பும் ஒரே எண்ணாகத் தெரியும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஒவ்வொரு மூட்டாகத் தேடிப் போகலாம்.

கண்டிக்கு அருகே பேராதனையில் இந்தத் தேடலுக்கு வேலை அதிகம். இரு பருவமழையும் நனைக்கும் இடம், மகாவலி ஓரத்து ஈரக்காற்று வேறு. பித்தளை முனைகள் பச்சை பூக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதைவிட முக்கியமானது சாலை. சி40 டைனமோ நிமிடத்துக்குச் சுமார் 1450 சுற்றை எட்டிய பின்னரே கட்டவுட் மூடி சார்ஜ் தொடங்கும்; ஐட்லிங்கில் அந்த வேகம் வராது. மழை பெய்யும் ஐப்பசி மாலையில் கலஹா சந்தியிலிருந்து கெட்டம்பே தாண்டிக் கண்டிக்குள் ஊர்ந்து போகும் காரில் ஹெட்லைற், வைப்பர், இக்னிஷன் கொயில் எல்லாம் சேர்ந்து 15 அம்பியர் வரை பற்றரியிலிருந்தே போகிறது. அதே கார் கடுகண்ணாவை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முழங்கி ஏறும்போது நன்றாகச் சார்ஜ் ஆகும். அதாவது எந்தப் பாகமும் பழுதாகாமலே ஒரு கார் சார்ஜ் குறைந்து நிற்கலாம். கார் எந்த வழியில், எத்தனை மணிக்குப் போகிறது என்ற கேள்வி மீற்றருக்கும் முந்திய சோதனை.

இதற்கெல்லாம் நேரம் ஏது, வாடிக்கையாளர் இன்றைக்கே காரைக் கேட்கிறார் என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் டைனமோவைக் கழற்றி மாட்டும் நேரத்தில் இந்த அளவுகளைப் பல தடவை எடுத்துவிடலாம். டைனமோவின் மீதே சந்தேகம் என்றால்கூட அதைக் கழற்றத் தேவையில்லை. இரு வயரையும் எடுத்துவிட்டு, 'டி'யையும் பீல்ட் முனையான 'எஃப்'பையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அங்கிருந்து எர்த்துக்கு மீற்றரை வைத்து எஞ்சினை மெல்ல உயர்த்தினால் வோல்ற்றளவு சீராக ஏற வேண்டும். அதை 20-க்கு மேல் போகவிடக்கூடாது. 1 வோல்ற்றளவில் நின்றால் பீல்ட் சுருளையும், 4, 5-இல் நின்றால் ஆர்மேச்சரையும் சந்தேகிக்கலாம்.

அல்டனேற்றருக்கு மாறிவிட்டால் தொல்லை தீரும் என்ற வாதம் இன்னும் வலுவானது. ஐட்லிங்கிலும் ஓரளவு மின் தரும் இயந்திரம் கண்டி நெரிசலுக்குப் பொருத்தம் என்பதை நான் மறுக்கவில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அத்தனை காலம் பழைய கார்களை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு இது பொழுதுபோக்குக்குச் செய்யும் மாற்றமும் அல்ல. ஆனால் மின்னோட்டம் இரட்டித்தால் கெட்ட மூட்டின் வெப்பம் நான்கு மடங்காகும். 22 அம்பியருக்குப் போட்ட வயரில் 45 அம்பியரை அனுப்புவது தீயோடு விளையாடுவது. மைனருக்கு நேர்முனை எர்த். அதை மாற்றாமல் அல்டனேற்றரைக் கொடுத்தால் டயோடுகள் அந்தக் கணமே கருகும். சுற்றைச் சுத்தம் செய்த பிறகு மாற்றுங்கள், தாராளமாக.

சுத்தத்தை எர்த்திலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் அதை ஒருவரும் பார்ப்பதில்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் இருக்கிறது. போன மின்னோட்டம் முழுதும் திரும்பி வருவது ஒரு பின்னல் பட்டி வழியாக. எஞ்சினை ஓடவிட்டு, மீற்றரின் ஒரு முனையை டைனமோ உடலிலும் மறுமுனையைப் பற்றரியின் எர்த் கம்பத்திலும் வையுங்கள். கால் வோல்ற் காட்டினாலே பட்டியைக் கழற்றி, அதன் அடியிலுள்ள பெயின்ரையும் துருவையும் வெள்ளிரும்பு தெரியுமட்டும் சுரண்டிப் பூட்ட வேண்டும். அதன் பின்னும் சார்ஜ் வராவிட்டால் டைனமோவைக் கழற்றலாம்.